தோலும் தீவனமாகும்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மாம்பழப் பருவம் வந்ததும் கூழ் ஆலைகள் இயங்கத் தொடங்குகின்றன. பெங்களூரா என்றும் கிளிமூக்கு என்றும் வழங்கும் மாம்பழ இனமே அங்குக் கூழுக்குப் பெரிதும் பயன்படுகிறது. சதை கூழாகிக் கலன்களில் அடைக்கப்படுகிறது. தோலும் கொட்டையும் எஞ்சுகின்றன. பழத்தின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இப்பொருள்களைத் திறந்தவெளியில் குவித்தால் ஓரிரு நாளில் புளித்து நாறும், ஈக்கள் மொய்க்கும், கசியும் சாறு நீர்நிலைகளைக் கெடுக்கும். முறையறிந்து கையாண்டால் இதே தோல் கறவை மாட்டுக்குத் தீவனமாகும்.

மனிதரால் செரிக்க இயலாத நார்ப்பொருளைப் பசுவால் செரிக்க இயலும். அதன் முதல் இரைப்பையில் வாழும் எண்ணற்ற நுண்ணுயிரிகள் தோலிலுள்ள நாரையும் பெக்டினையும் நொதிக்கச் செய்து கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. அவற்றிலிருந்தே பசு ஆற்றலைப் பெறுகிறது. அவற்றுள் ஒன்றாகிய அசிட்டிக் அமிலம் பாலின் கொழுப்பு உருவாகத் துணைபுரிகிறது.

எனினும், பழத்தோலில் சர்க்கரை மிகுதி. பழக்கமில்லாத மாடு அதனைத் திடீரென வயிறு நிறையத் தின்றால் இரைப்பையில் லாக்டிக் அமிலம் பெருகும். நுண்ணுயிரிகளின் சமநிலை குலையும். மாடு அசைபோடுவதை நிறுத்தும். கடுமையான நிலையில் இறக்கவும் நேரும். ஒன்றிரண்டு மாடுகளை நம்பி வாழும் குடும்பத்திற்கு இது பேரிழப்பாகும். எனவே, சிறிதளவில் தொடங்கிப் பல நாள்களில் படிப்படியாக அளவை உயர்த்துதல் வேண்டும். உடன் வைக்கோல் போன்ற உலர்தீவனமும் அளித்தல் வேண்டும். தோலில் புரதம் குறைவு. அக்குறையைப் பிண்ணாக்கும் பயறுவகைத் தீவனமும் ஈடுசெய்யும். முழுக்கொட்டை உணவுக்குழாயில் அடைத்துக்கொள்ளும் ஆதலால், அதனை அப்படியே இடலாகாது.

சில வாரங்களே நீடிக்கும் பருவத்தின் விளைவைப் பல மாதங்களுக்குப் பேணவும் வழி உண்டு. ஈரம் மிகுந்த தோலுடன் நறுக்கிய வைக்கோலைக் கலந்து, குழியிலோ பையிலோ அழுத்தி நிரப்பி, காற்றுப் புகாதவாறு மூடிவைத்தல் வேண்டும். அங்குப் பெருகும் பாக்டீரியாக்கள் சர்க்கரையை அமிலமாக்கித் தீவனத்தை அழுகாமல் காக்கும். காற்றுப் புகுந்து பூஞ்சை படர்ந்த பகுதியை அகற்றிவிடல் வேண்டும்.

ஆலைக்குச் சுமையாகும் கழிவு, கோடையில் பசும்புல் கிடைக்காத உழவருக்குத் துணையாகிறது. அளவும் பொறுமையும் தவறாதவரையில் அத்துணை நிலைக்கும்.