ரெக்சினும் பிரம்பு நாற்காலியும்

அக்கினி நட்சத்திர நாட்களில் மதியம் இரண்டு மணிக்கு எந்தக் கடைத்தெருவிலும் இதைப் பார்க்கலாம். வெயிலில் நிறுத்திய பைக்கை எடுக்க வருபவர் சீட்டை உள்ளங்கையால் தொட்டுப் பார்ப்பார், பாட்டில் தண்ணீரைக் கொஞ்சம் தெளிப்பார், கைக்குட்டையால் துடைப்பார், அப்படியும் நுனியில்தான் உட்காருவார். கோடையில் பைக் சீட் என்றாலே நாம் பேசுவது இந்தச் சூட்டைப் பற்றித்தான். உண்மையில் சீட்டின் சூடு இரண்டு வகை. வண்டி நிற்கும்போது வெயில் ஏற்றுவது ஒன்று. ஓட்டும்போது நம் உடம்பே உண்டாக்குவது இன்னொன்று. முதலாவது சில நிமிடங்களில் தணிந்துவிடும். இரண்டாவது தூரம் போகப் போகக் கூடும். அதற்கு மருந்து காற்று. நாம் வாங்கிப் போடுவதோ மெத்தை.

நிற்கும் வண்டியின் கணக்கு எளிது. மேகமில்லாத உச்சிவேளையில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறத்தாழ 1,000 வாட் வெயில் விழுகிறது. வீட்டு இஸ்திரிப் பெட்டியின் சக்தி அது. கறுப்பு ரெக்சின் அதில் பெரும்பகுதியை விழுங்கிக்கொள்ளும். அடியில் இருக்கும் ஃபோம், பாலியூரித்தேன். இதே பொருளின் கெட்டி வடிவத்தைத்தான் வெப்பத்தைக் கடத்தாது என்பதற்காக ஃபிரிட்ஜ் சுவருக்குள் அடைக்கிறார்கள். ஆகவே ரெக்சின் வாங்கிய சூடு கீழே இறங்க வழியில்லாமல் மேலேயே நின்று கையைச் சுடுகிறது. ஆனால் அந்தத் தோல் மிக மெல்லியது. எண்ணெயிலிருந்து எடுத்த அப்பளத்தைச் சற்று நேரத்தில் கையில் பிடித்துவிடலாம். கூடவே எடுத்த வடையைப் பிட்டால் விரல் பொத்துவிடும். ரெக்சின் அப்பள ஜாதி. சுரீர் என்று சுட்டாலும் அதனிடம் வெப்பத்தின் இருப்பு குறைவு. மர நிழல் கிடைக்காத இடத்தில் ஒரு வெள்ளைத் துண்டை விரித்துவிட்டுப் போனாலே போதும், பிரச்சினையின் இந்தப் பாதி முடிந்தது. (வேப்பமரத்தடியில் நிறுத்தினால் காக்கை எச்சத்துக்கும் அதே துண்டு.)

இரண்டாவது சூடுதான் அடங்காதது. உடம்பு தன் வெப்பத்தைக் கழிக்கக் கோடையில் நம்புவது வியர்வையை. ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். ஏறக்குறைய ஒரு வேளைச் சாப்பாடு தரும் சக்தி. ஆனால் அது ஆவியாக வேண்டும். வழிந்தாலோ துணியில் ஊறினாலோ பயனில்லை. சீட்டில் அழுந்தியிருக்கும் இடத்தில் நடப்பது அதுதான். கீழே காற்றே புகாத ரெக்சின், அதற்கும் கீழே ஃபிரிட்ஜ் சுவரின் சொந்தக்காரன். வெப்பத்துக்கும் வழியில்லை, ஈரத்துக்கும் வழியில்லை. ஜீன்ஸ் நனைகிறது, தொடையிடுக்கு உரசுகிறது, வேர்க்குருவும் படர்தாமரையும் குடியேறுகின்றன. ஆண்களுக்கு இன்னொரு கவலையும் உண்டு. விதைப்பை உடம்பைவிட இரண்டு மூன்று டிகிரி குளிர்ந்திருந்தால்தான் விந்தணு உற்பத்தி ஒழுங்காக நடக்கும். நாள் முழுக்கச் சீட்டிலேயே இருக்கும் டெலிவரி ஊழியருக்கு இது வெறும் சௌகரியப் பிரச்சினை இல்லை.

வண்டி ஓடினால் காற்று அடிக்குமே என்று கேட்கலாம். அடிக்கிறது, நெஞ்சில். உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு அது போய்ச் சேர்வதில்லை. அதோடு தோலின் வெப்பம் சுமார் 34 டிகிரி. வேலூரிலும் திருத்தணியிலும் 40 டிகிரியில் வீசும் காற்று, வியர்வையை உலர்த்துவதால் மட்டுமே குளிர்ச்சி தரும். சென்னையில் புழுக்கத்தால் அந்த உலர்த்தலும் மந்தம். சிக்னலில் காற்றே இல்லை. அங்கே போடும் பச்சை வலைப் பந்தல் தலையைக் காக்கும், சீட்டுக்கு அடியில் ஒன்றும் செய்யாது.

இதற்கான விடையை நம் ஊர் எப்போதோ கண்டுபிடித்துவிட்டது. பழைய அரசு அலுவலகங்களின் பிரம்பு பின்னிய நாற்காலியை நினைத்துப் பாருங்கள். மெத்தை கிடையாது, வெறும் கட்டம் கட்டமான ஓட்டை. எட்டு மணி நேரம் ஃபைல் பார்த்தவர்கள் அதில்தான் உட்கார்ந்தார்கள். கயிற்றுக் கட்டிலும் அதே சூத்திரம். கார் டிரைவர்கள் விரிக்கும் மணி சீட்டும் அதே. எல்லாம் சற்றுக் கடினமானவை, எல்லாவற்றிலும் காற்று ஓடும். பைக்குக்கு இப்போது கிடைக்கும் வலை கவர் அந்த வம்சம்தான். மேலும் கீழும் வலை, நடுவே விறைப்பான இழைகள் நின்றுகொண்டு நம் எடையைத் தாங்கும். அந்த விரற்கடை இடைவெளியில் ஓட்டத்தின் காற்று முன்னாலும் பக்கத்திலும் புகுந்து வெளியேறும். நெரிசலில் அவ்வளவாக ஓடாது, உண்மை. ஆனாலும் ரெக்சினில் ஒட்டிக்கிடப்பதைவிட எவ்வளவோ மேல்.

மற்ற வைத்தியங்கள் எங்கே தோற்கின்றன என்பதும் இப்போது விளங்கும். ஜெல் பேட் வடை ஜாதி. நிழலில் வைத்தது ஜிலுஜிலுவென்று தொடங்கும், உடம்புச் சூட்டைக் குடித்து நிரம்பியதும் கைவிடும், வெயிலில் கிடந்தால் சூட்டைச் சேர்த்துவைத்துத் திருப்பித் தரும். சீட் கடையில் ஏற்றிக்கொள்ளும் மெத்தென்ற ஃபோம் தொடையைச் சுற்றி அணைத்துக்கொண்டு இருக்கிற கொஞ்ச இடைவெளியையும் அடைத்துவிடும். மடித்துப்போடும் டர்க்கி டவல் முதல் அரைமணி நேரம் ஈரத்தை உறிஞ்சும், பிறகு ஈரத்துண்டில் உட்கார்ந்த கதைதான். வெளிநாட்டு நெடும்பயணிகள் கம்பளி ஆட்டுத்தோல் விரிப்பதைக் கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் கம்பளி தன் எடையில் முப்பது சதவீதம் வரை ஈரத்தை வாங்கியும் நனைந்ததாகத் தெரியாது, சுருள் மயிர்களுக்கிடையே காற்றும் நிற்கும். நம் மழைக்கும் தூசிக்கும் அது ஒத்துவராது என்பதே குறை.

வலை கவரிலும் குறைகள் உண்டு. ரப்பர் பட்டை தளர்ந்தால் பிரேக் பிடிக்கும்போது கவரோடு நாமும் முன்னால் சறுக்குவோம். சீட்டைக் கழற்றி அடியில் இழுத்துக் கட்டும்படியானதே வேண்டும். சீட் சற்று உயரும், எட்டி எட்டிக் கால் ஊன்றுபவருக்கு அதுவும் கணக்கு. கம்பெனியே ஏன் இப்படிச் செய்து தருவதில்லை என்றால், அதற்கு நியாயம் இருக்கிறது. ஃபோம் பஞ்சு மாதிரி தண்ணீர் குடிக்கும். தெருவில் நனையும் வண்டிக்கு ஓட்டையில்லாத ரெக்சின் வேண்டும். மழைக்கு அது, கோடைக்கு மேலே இது என்று இரண்டு உடுப்பாக வைத்துக்கொள்வதே சரி. ஐப்பசியில் கழற்றி மடித்து வைத்துவிடலாம்.

வாங்கும்போது விலையையோ கனத்தையோ பார்க்க வேண்டாம். கவரைக் கடை மேசையில் விரித்து முழங்கையை ஊன்றி உடம்பு பாரத்தை இறக்குங்கள். நடு இழைகள் சாய்ந்து தட்டையானால் அது வெறும் துணி. சாயாமல் நின்றால், ஓரத்தில் வாய் வைத்து ஊதுங்கள். பக்கத்தில் வைத்த கைக்குக் காற்று வருகிறதா என்று பாருங்கள்.