பனியில் பெயிண்டு அடித்தால் ஜீப் வெளுத்துப்போகும்! பளபளப்புக்குப் பாச்சலூரில் படும் பாடு

பாச்சலூர் —

திண்டுக்கல் மாவட்டம் ஒட்டன்சத்திரத்தில் இருந்து மலைப்பாதையில் ஏறினால் பாச்சலூர். காப்பி, மிளகு, மலைவாழை விளையும் ஊர். மூட்டை ஏற்றவும் ஆள் ஏற்றவும் ஜீப் வேண்டும். அந்த ஜீப்புக்குப் புதுப் பெயிண்டு அடிக்கவேண்டும் என்றால் மட்டும் மலை ஒத்துழைப்பது இல்லை.

காரணம்? மூடுபனி!

பெயிண்டில் தின்னர் கலந்து ஸ்பிரே கன்னில் அடிக்கிறார்கள். தின்னர் சட்டென்று ஆவியாகும். போகிறபோது தகட்டில் உள்ள சூட்டையும் இழுத்துக்கொண்டு போகும். தகடு ஜில்லிட்டதும் காற்றில் உள்ள ஈரம் அதன்மேல் படியும். அவ்வளவுதான்! கறுப்பு ஜீப் விபூதி பூசியதுபோல் வெளுத்து நிற்கும். நாலு நாள் பாடு நாலே நிமிடத்தில் வீண்.

வெயில் ஏறி, தகடு தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும்போது அடிக்கவேண்டும். மெதுவாகக் காயும் தின்னர் கொஞ்சம் உதவும். ஐப்பசி, கார்த்திகை மழையில் என்றால் கீழே இறங்கி அடிப்பதே மேல்.

எத்தனை நாள் தேய்ப்பு?

பட்டறைகளில் இதற்கு 'டூக்கோ' என்று பேர். 1920-களில் அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனி கொண்டுவந்த பெயிண்டின் பேர் அது. அதுவரை ஒரு காருக்குப் பெயிண்டு காய வாரக்கணக்கில் ஆனது. இது சில மணி நேரத்தில் காய்ந்தது.

பளபளன்னு ஒரு ஜீப் வந்து நின்றால், "என்ன பெயிண்டு?" என்று கேட்பார்கள். எத்தனை நாள் தேய்த்தீர்கள் என்று கேட்பார் இல்லை. சூட்சுமமே அங்கேதான்!

துருவைச் சுரண்டி, டிங்கரிங் முடித்து, பிரைமரும் பட்டியும் போட்டபிறகு தேய்ப்பு ஆரம்பம். வெறும் விரலால் தேய்த்தால் விரல் தடம் பள்ளமாக விழும். கட்டையில் பேப்பரைச் சுற்றித்தான் தேய்க்கவேண்டும். மேலே கறுப்புப் பெயிண்டை லேசாகத் தூவிவிட்டுத் தேய்ப்பது ஒரு தந்திரம். மேட்டில் கறுப்பு போய்விடும். பள்ளத்தில் தங்கி, "இங்கே இருக்கேன்" என்று காட்டிக்கொடுக்கும். அங்கே மறுபடி பட்டி. பட்டிக்குள் ஈரம் தங்கிவிட்டால் பிறகு கொப்புளம் கிளம்பும். குளிரில் அது காய நாள் பிடிக்கும். அவசரப்பட்டவன் கெட்டான்.

பிறகு கலர், கோட்டு கோட்டாக. கடைசியில் 1500, 2000 நம்பர் வாட்டர் பேப்பரில் தண்ணீர் விட்டுத் தேய்த்து, காம்பவுண்டு போட்டு மெருகேற்றுவார்கள். கீறல் இருந்தால் வெளிச்சம் நாலாபக்கமும் சிதறும். கீறல் இல்லாவிட்டால் நேராகத் திரும்பும். மலை, மரம், ஆள் எல்லாம் கதவில் தெரியும். கண்ணாடி தோற்றுவிடும்!

மூச்சுக்கு வரும் வினை

இப்போது கண்ணாடிப் பளபளப்புக்கு ஹார்டனர் கலந்த பி.யூ. பெயிண்டு, கிளியர் கோட்டு வந்திருக்கிறது. தேய்ப்பு குறைவு, மினுக்கு அதிகம். ஆனால் ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட். 1984-ல் போபாலில் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்ற விஷவாயுவும் அந்த ரசாயனக் குடும்பம்தான். வாயு வேறு, குடும்பம் ஒன்று. ஸ்பிரே புகையைச் சுவாசித்தால் ஆஸ்துமா வரலாம். ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமல் போய்விட்டால், பிறகு துளிப் புகை பட்டாலும் மூச்சு இழுக்கும்.

மூக்கில் கைக்குட்டை கட்டினால் அது தூசிக்கு ஆகும், இதற்கு ஆகாது. வெளியில் இருந்து குழாய் வழியாக நல்ல காற்று வரும் முகமூடிதான் காப்பாற்றும். குளிருகிறதே என்று கதவைச் சாத்திக்கொண்டு அடிப்பது அதைவிட ஆபத்து. பக்கத்தில் பெயிண்டு டப்பா பிடித்து நிற்கிற எடுபிடிப் பையனின் மூக்கிலும் அதே புகைதான் ஏறுகிறது.