கருவியும் பயன்கொள்வோரும்: மேசைக் கணிப்பொறி அமைப்பிற் சில குறைகள்

தொழில் ஒன்று நிகழ்தற்கு வேண்டுவன எட்டு என்பது தொல்காப்பியனார் கொள்கை. வினை, வினைமுதல், செயப்படுபொருள், நிலம், காலம், கருவி என்னும் ஆறனோடு, அத்தொழில் யார்பொருட்டு நிகழ்கின்றது என்பதனையும் அதனால் விளையும் பயனையும் அவர் கூட்டி எண்ணுவர். குயவன் குடம் வனைதலை எடுத்துக்காட்டி உரையாசிரியர்கள் இவ்வெட்டினையும் விளக்கியுள்ளனர். வேற்றுமைப் பொருளை உணர்த்தற்குக் கூறப்பெற்ற இக்கருத்தை இயந்திரங்களின்மேல் ஏற்றியுரைத்தல் பொருந்துமோ எனச் சிலர் ஐயுறலாம். எனினும், கருவி தனித்து நிற்பதன்று, ஏனை ஏழனோடும் இயைந்தே கருவியாவது என்னும் உண்மை இதனாற் பெறப்படுகின்றது. மேசைக் கணிப்பொறிகளை அமைத்தோருட் பலர் மறந்தது இவ்வுண்மையே என்பதைச் சில சான்றுகளால் ஈண்டுக் காண்போம்.

சொல்லடைவு தொகுப்பாரும் சுவடி பதிப்பிப்பாரும் இன்று கணிப்பொறியின் முன் அமராது தம் பணியை முடித்தல் அரிது. ஆகவே இப்பொருள் பொறியியலார்க்கே உரியது என்று நாம் ஒதுங்கியிருத்தற்கில்லை. மென்பொருளிற் காணும் குறையைச் செய்தோரே பின்னர்த் திருத்தி அனுப்புதல் கூடும். வன்பொருளின் குறையோ இரும்பிலும் நெகிழியிலும் வார்க்கப்பட்டுவிட்டது. வாங்கியவர் அதனோடு ஐந்தாறு ஆண்டுகள் வாழ்ந்தே தீரவேண்டும்.

முதற்கண் 1980 ஆம் ஆண்டு அறிவிக்கப்பெற்ற ஆப்பிள் மூன்று என்னும் பொறியை நோக்குவோம். அலுவலகத்தார்க்கென்றே செய்யப்பெற்ற அப்பொறியின் விலை நாலாயிரம் டாலருக்கு மேற்பட்டது. அதனுள் வெப்பத்தைப் போக்கும் விசிறி இல்லை. விசிறியின் ஒலி வேண்டா என்பது அந்நிறுவனத்தைத் தோற்றுவித்தோருள் ஒருவராகிய ஸ்டீவ் ஜாப்ஸின் விருப்பம் என்பர். பெட்டியின் அளவு முன்னரே உறுதி செய்யப்பட்டமையின், மின்சுற்றுப் பலகை அதனுள் நெருங்கி அடங்கவேண்டியதாயிற்று. வெப்பத்தை வெளியேற்றும் பொறுப்பு அலுமினிய அடித்தட்டின்மேல் விழுந்தது. அது போதவில்லை. சூடேறி விரிதலும் ஆறிச் சுருங்குதலும் மீண்டும் மீண்டும் நிகழவே, தத்தம் குழிகளிற் செருகப்பட்டிருந்த சில்லுகள் மெல்ல மெல்ல மேலெழுந்து இணைப்பிழந்தன. இதற்கு அந்நிறுவனத்தார் கூறிய உடனடித் தீர்வு வியப்பிற்குரியது. பொறியை மேசையினின்றும் சில அங்குலம் உயரத் தூக்கிக் கீழே விடுக. அதிர்ச்சியாற் சில்லுகள் மீண்டும் பொருந்தும் என்பதே அத்தீர்வு! முதலில் விற்ற ஏறத்தாழ 14,000 பொறிகளை அவர்கள் மாற்றித்தர நேர்ந்தது. 1984 இல் அப்பொறியின் உற்பத்தி நின்றது.

பட்டறிவு ஒருமுறை பெற்றால் போதும் என்று எண்ணுதற்கில்லை. அதே நிறுவனம் 2013 இல் உருளை வடிவிலான மேக் ப்ரோ என்னும் பொறியை வெளியிட்டது. நடுவில் முக்கோண வடிவிலான வெப்பம் வாங்கும் தண்டு ஒன்றும், மேலே ஒற்றை விசிறியும் அமைந்த அதன் தோற்றம் அழகியது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதனைப் பயன்கொள்வோர் பின்னர் வேண்டியது மிக்க வெப்பம் உமிழும் ஆற்றல்மிக்க வரைகலை அட்டை. அவ்வுருளை அவ்வெப்பத்தைத் தாங்குமாறு அமையவில்லை. வெப்ப வகையில் ஒரு மூலையிற் சிக்கிக்கொண்டோம் என்று 2017 இல் அந்நிறுவனத்தாரே ஒப்பினர். 2019 இல் பழைய பெட்டி வடிவமே திரும்பி வந்தது.

இனிக் கையொடு தொடர்புடைய உறுப்புகளை நோக்குவோம். ஐ.பி.எம். நிறுவனம் 1983 இறுதியில் அறிவித்த பி.சி. ஜூனியர் என்னும் பொறியின் விசைப்பலகை, மெல்லும் மிட்டாய்த் துண்டுகளை இடைவெளி விட்டு அடுக்கினாற் போன்றது. எழுத்துகள் விசைகளின்மேல் இல்லாது அவற்றிற்கு மேலே பலகையிற் பொறிக்கப்பட்டிருந்தன. வெவ்வேறு மென்பொருள்களுக்கேற்ற அட்டைகளை அதன்மேல் வைத்துக்கொள்ளலாம் என்பது செய்தோர் கருத்து. விரல்களாற் கடிது தட்டெழுதிப் பழகியவர்க்கு அப்பலகை ஒவ்வவில்லை. தட்டச்சுப் பொறியாற் பெயர்பெற்ற நிறுவனம் ஒன்றினின்றும் அது வந்தமை நினைக்கத்தக்கது. 1984 இன் நடுவில் வேறு விசைப்பலகையை விலையின்றி வழங்கியும், அப்பொறி 1985 இல் கைவிடப்பட்டது.

1998 இல் வெளிவந்த ஐமேக் பொறியுடன் முழு வட்டமான சுட்டி ஒன்று வழங்கப்பெற்றது. முன்னும் பின்னும் அறியலாகாத வட்டத்தைக் கண்ணால் நோக்காது பிடித்தவர், தாம் மேலே நகர்த்தியபொழுது திரையில் குறி சாய்ந்து செல்லக் கண்டனர். இரண்டாண்டில் அது மாற்றப்பட்டது. 2015 இல் வந்த மற்றொரு சுட்டிக்கு மின்னூட்டும் துளை அடிப்புறத்தில் அமைந்தது. மின்னூட்டும்போது அதனை மல்லாத்தி வைத்தல் வேண்டும். அவ்வேளையில் அதனாற் பயனில்லை. 2024 இல் துளையின் வகை மாறியும் இடம் மாறவில்லை.

குறை எல்லாம் அழகு நாடியதாற் பிறந்தன என்று கொள்ளுதல் தவறு. பொருட்செலவு கருதிச் செய்தனவும் உள. 1996 இல் வரையறுக்கப்பெற்ற யு.எஸ்.பி. செருகியை ஒரு பக்கமாகவே செருகவியலும். எப்பக்கம் என்பது பார்த்தவுடன் புலனாகாமையின், ஒருமுறை முயன்று, திருப்பி முயன்று, மீண்டும் முதல் நிலைக்கே வருவது யாவரும் அறிந்த அனுபவம். இருபுறமும் ஏற்குமாறு செய்தால் கம்பிகளும் சுற்றும் இருமடங்காகிச் செலவும் இருமடங்காகியிருக்கும் என்று, அதனை உருவாக்கிய குழுவை நடத்திய அஜய் பட் பின்னர் விளக்கினார். அவர் கூற்று நேர்மையானது. எவ்வாற்றானும் திருப்பிச் செருகத்தக்க வகை 2014 இல்தான் வரையறை பெற்றது. இதற்கு முந்திய வட்டச் செருகிகளின் நிலையோ இதனினும் இரங்கத்தக்கது. விசைப்பலகைக்கும் சுட்டிக்கும் உரிய துளைகள் வடிவால் ஒன்றே, தொழிலால் வேறு. பின்னர் ஊதா, பச்சை என நிறம் பூசி வேறுபடுத்தினர். மேசைக்கடியில், சுவரை நோக்கிய இருட்டில், நிறம் யாருக்குத் தெரியும்?

கண்ணுக்குப் புலனாகாத குறையே கொடியது. ஏறத்தாழ 1999 முதல் 2007 வரை செய்யப்பெற்ற தாய்ப்பலகைகள் பலவற்றில் மின்தேக்கிகள் உரிய காலத்திற்கு முன்னரே வீங்கி வெடித்தன. அவற்றினுள் நிரப்பும் மின்பகு நீர்மத்தில் நீரின் பங்கு மிக்கும், அலுமினியத்தை அந்நீர் அரியாமற் காக்கும் பொருள் குறைந்தும் இருந்தமையே பெரும்பாலும் காரணம். நீரும் அலுமினியமும் வினைப்பட, ஹைட்ரஜன் வளி தோன்றி, உருளையின் தலையிற் கீறிவைத்த சிலுவைக் கோட்டைப் பிளந்து வெளியேறும். நல்ல மின்தேக்கியும் வெப்பத்திற்கு அஞ்சுவது. 10 பாகை செல்சியசு ஏறுந்தோறும் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியாளர் வழங்கும் கணக்கு. அங்ஙனமிருந்தும் செயலியை ஒட்டி, காற்றோட்டம் குன்றிய சிறு பெட்டிகளில் அவற்றை அடுக்கினர். சித்திரை வெயிலில் எம் அறைகள் எத்தன்மையன என்பதைச் செய்தோர் எண்ணியிரார். மின்தேக்கிப் பழுது காரணமாக, டெல் நிறுவனம் ஒன்றே 2005 இல் 30 கோடி டாலரைச் செலவுக்கணக்கில் ஒதுக்க நேர்ந்தது. வாங்கியவர் இழந்த உழைப்பிற்குக் கணக்கில்லை.

எம் துறையில் நிகழ்ந்த ஒன்றை ஈண்டுக் குறித்தல் மிகையாகாது. அழித்தல் விசைக்கு மேலே, ஒரு விரற்கடை தொலைவில், பொறியையே நிறுத்தும் விசை அமைந்த பலகை ஒன்று எமக்கு வாய்த்திருந்தது. இடைக்கால உரை ஒன்றன் சொல்லடைவைப் பதிந்துகொண்டிருந்த ஆய்வு மாணவி ஒருவர், பிழையெழுத்தை நீக்கக் கை நீட்டியபொழுது திரை இருண்டது. மகர வருக்கம் முழுதும் போயிற்று. அவர் தம் கையையே நொந்துகொண்டார். விசையை அங்கு வைத்தவரை நொந்தாரல்லர். இதுவே எம்மைச் சிந்திக்கச் செய்தது. கருவியின் குறையைத் தம் குறையாகக் கொள்வோர் முறையிடார். முறையீடு இன்மையாற் செய்தோர் திருத்தார். மூல அட்டைகள் கைவசம் இருந்தமையின், மூன்று நாளில் அவ்வருக்கம் மீண்டும் எழுதப்பெற்றது. அவ்விசையை மறுநாளே கத்தியாற் பெயர்த்தெடுத்தோம்.

வாங்குவார் ஒருவர், கையாள்வார் பிறர் என்னும் முறையும் இக்குறைகளை வளர்க்கின்றது. நிறுவனங்கள் பெறும் விலைப்புள்ளிகளில் நினைவகத்தின் அளவு உண்டு, செயலியின் விரைவு உண்டு. நிறுத்தும் விசை எங்கு உளது என்பதற்குப் பத்தி இல்லை. நாள்தோறும் தட்டெழுதுவோரை அரைமணி நேரம் அப்பொறியின் முன் அமர்த்திப் பார்த்தபின் வாங்குக என்று யாம் வேண்டினோம். ஒருமுறையே அதற்கு இசைவு கிடைத்தது. அம்முறை தேர்ந்த விசைப்பலகைகளுள் இரண்டு இன்றும் வழக்கில் உள்ளன. அவை பழைய வட்டச் செருகி உடையன ஆதலின், இடையில் மாற்றுச்செருகி ஒன்று பூட்டப்பெற்றுள்ளது.