ரிட்டயர்மென்ட்டுக்கு ஊர்ப்பக்கம் போகலாமா? ஒரு மல்லாங்கிணறு கணக்கு



போன மாசம் பெங்களூருவில் வேலை பார்க்கும் 28 வயசுத் தம்பி ஒருத்தர் வருமான வரி ரிட்டர்ன் விஷயமாகப் பேசினார். சொந்த ஊர் அருப்புக்கோட்டை. வேலை முடிந்ததும் மெதுவாக ஆரம்பித்தார்: "அக்கா, மல்லாங்கிணறு பக்கம் அஞ்சு சென்ட் மனை ஒண்ணு வருது. இந்த ஊர்க் குளிரும் டிராஃபிக்கும் போதும். ரிட்டயர் ஆனதும் அங்கே போய் நாலு மரம் வச்சு, காலையில கண்மாய்க் கரையில நடந்துக்கிட்டு இருக்கலாம்னு ஆசை. இப்பவே வாங்கிப் போட்டுடவா?"

ஆசை ரொம்ப சரி, மனை இப்போ வேண்டாம் என்று சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. அவருக்குச் சொன்ன காரணங்களை உங்களுக்கும் சொல்லிடறேன். இது புத்தகத்தில் படித்தது இல்லை. என் அப்பா அம்மா 2019-லிருந்து மல்லாங்கிணற்றில்தான் இருக்கிறார்கள். அந்தப் பக்கம் மனை வாங்கிக் கையைச் சுட்டுக்கொண்டதும் நான்தான்.

வெயிலைத் தேடிப் போவது யாருக்கு லாபம்?

குளிர் நாட்டுக்காரர்கள் வயசான காலத்தில் வெயிலைத் தேடிப் போவது பழைய பழக்கம். அமெரிக்காவில் ஃபீனிக்ஸ் நகரத்துக்குப் பக்கத்தில், அரிசோனா பாலைவனத்தில், 1960-ல் 'சன் சிட்டி' என்று ஓய்வு பெற்றவர்களுக்காகவே ஒரு ஊரைத் திறந்தார்கள். பிரிட்டிஷ்காரர்கள் ஸ்பெயினுக்குப் போகிறார்கள். பனியில் வழுக்கி விழாமல் வருஷம் முழுக்க வெளியே நடமாடலாம் என்பதுதான் அவர்கள் கணக்கு.

நாம் வெயிலைத் தேடிப் போக வேண்டியதில்லை, அதுவே வீடு தேடி வரும். ஆனால் "வெளியே நடமாடலாம்" என்ற பாதி நமக்கும் பொருந்தும். சென்னையில் மூன்றாவது மாடி வீட்டில் டிவி முன்னாடி உட்கார்ந்திருந்த எங்க அப்பா, இப்போ காலை ஐந்தரைக்குக் கண்மாய்க் கரையில் இருக்கிறார். திரும்பி வரும்போது டீக்கடை, பேப்பர், ஊர்ப்பேச்சு. வீட்டுக்குப் பின்னால் ரெண்டு வேம்பு, ஒரு முருங்கை, கொஞ்சம் கத்தரி. ஐப்பசி மழை விழுந்து தை வரைக்கும் அந்தக் கரிசல் காடு பச்சையாகக் கிடக்கும்போது, எந்த ரிசார்ட்டும் கிட்ட வர முடியாது.

சித்திரை, வைகாசி வேற கதை. காலை பத்து மணிக்கு மேல் சாயங்காலம் நாலரை வரைக்கும் வீட்டுக்குள்தான். முதல் வருஷம் "ஏசி எதுக்கு" என்றவர், ரெண்டாவது வருஷம் மாட்டினார். ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது ஏசி ஓடும் வீட்டில் ஒரு மூலைக்குக்கூடக் காணாது. அதனால் கோடைக்குத் தனி பட்ஜெட் வேண்டும்.

சிக்கனமான ஊர்தான், ஆனால் எவ்வளவு சிக்கனம்?

"கிராமத்துல பத்தாயிரம் இருந்தா ராஜா மாதிரி வாழலாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் ஒரு மாசச் செலவு இதோ (வீடு தாத்தா வீடு, வாடகை கிடையாது):

- சாப்பாடு, பால், கேஸ், கேன் தண்ணி: 11,000
- கரண்ட், போன், கேபிள்: 2,500
- மருந்து, செக்கப்: 5,000
- ஹெல்த் இன்ஷூரன்ஸ் (வருஷ பிரீமியத்தின் மாதப் பங்கு): 4,200
- பஸ், ஆட்டோ, மதுரைக்குப் போய்வர கார்: 4,000
- வீட்டுப் பராமரிப்பு: 2,000
- மொய், கோவில் கொடை, விசேஷம்: 6,000

மொத்தம் 34,700. ரவுண்டாக 35,000 ரூபாய்.

கடைசி வரியைக் கவனிங்க. எந்த ரிட்டயர்மென்ட் கால்குலேட்டரிலும் 'மொய்' என்று ஒரு கட்டம் இருக்காது. ஊருக்குத் திரும்பினால் மாசத்துக்கு நாலு பத்திரிகை வரும். கல்யாணம், காதுகுத்து, புதுமனை, சடங்கு. சென்னையில் இருந்தவரைக்கும் "வர முடியலை" என்று தப்பிக்கலாம். அடுத்த தெருவில் இருந்துகொண்டு அப்படிச் சொல்ல முடியாது.

35,000 ரூபாய் நீங்க ரிட்டயர் ஆகும்போது எவ்வளவு?

உங்களுக்கு 28 வயசு, 60-ல் ரிட்டயர்மென்ட் என்று வைத்துக்கொள்வோம். 32 வருஷம், பணவீக்கம் 6 சதவீதம். இன்றைய 35,000 அன்றைக்கு மாசம் சுமார் 2.26 லட்சம். ரிட்டயர் ஆன பிறகு முதலீட்டு வருமானமும் பணவீக்கமும் சமமாக ஓடுகிறது என்று எடுத்துக்கொண்டால், 25 வருஷத்துக்குத் தேவைப்படும் தொகை சுமார் 6.78 கோடி. பயப்படாதீங்க, இன்றைய மதிப்பில் அது 1.05 கோடிதான்.

இதைச் சேர்க்க, 10 சதவீத வருமானம் கிடைக்கும் என்ற அனுமானத்தில், மாசம் சுமார் 24,000 ரூபாய் ஒரே அளவாகப் போட வேண்டும். இல்லையென்றால் 10,600-ல் ஆரம்பித்து வருஷா வருஷம் 8 சதவீதம் ஏற்றிக்கொண்டே போகலாம். உங்க பி.எஃப். பணமும் இதில் அடக்கம்தான், ஆனால் அதற்கு வரும் வட்டி 10 சதவீதத்தை விடக் குறைவு என்பதை மறக்க வேண்டாம்.

"பென்ஷன் வருமே?" என்று சிலர் கேட்பாங்க. தனியார் வேலையில் வரும் இ.பி.எஸ். பென்ஷனுக்கு இன்றைய விதிப்படி சம்பள உச்சவரம்பு 15,000. 58 வயசு வரை 30 வருஷ சர்வீஸ், போனஸ் 2 வருஷம் சேர்த்து 32. 15,000 × 32 ÷ 70 = 6,857 ரூபாய். அன்றைக்கு அது ஒரு கல்யாண மொய்க்குக் காணுமா என்பதே சந்தேகம்.

நான் வாங்கிய மனை

2015-ல், வேலைக்குச் சேர்ந்த புதுசில், அந்தப் பக்கம் அஞ்சு சென்ட் வாங்கினேன். பதிவுச் செலவெல்லாம் சேர்த்து 4.5 லட்சம். 2023-ல் விற்றபோது கிடைத்தது 6 லட்சம். "ஒன்றரை லட்சம் லாபமாச்சே" என்று அம்மா சந்தோஷப்பட்டார். வருஷக் கணக்கில் பார்த்தால் அது 3.7 சதவீதம்கூட இல்லை. பேங்க் டெபாசிட்டில் போட்டிருந்தால் கூடுதலாகவே வந்திருக்கும். அன்றைய விதிப்படி இண்டெக்சேஷன் போட்டுப் பார்த்தபோது (254-லிருந்து 348) அடக்கவிலையே 6.16 லட்சம் ஆகிவிட்டது. வரித்துறைக் கணக்கிலேயே அது நஷ்டம்!

இன்றைக்கு வாங்குபவர்களுக்கு அந்த இண்டெக்சேஷனும் கிடையாது. 23 ஜூலை 2024-க்குப் பிறகு வாங்கும் மனையை ரெண்டு வருஷத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால், பணவீக்கத்தைக் கழிக்காமல் முழு லாபத்துக்கும் 12.5 சதவீதம் வரி. வாங்கும்போதே முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என 9 சதவீதம் போய்விடும். (10 லட்சம் வரையுள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு.)

ஏன் விற்றேன்? வீடு கட்ட இன்ஜினியரைக் கூட்டிப் போனேன். கரிசல் மண் மழையில் உப்பும், கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். சாதாரண அஸ்திவாரம் போட்டால் சுவர் பிளக்கும் என்று சொல்லி, ஆழமான பைல் அஸ்திவாரத்துக்குத் தனியாக மதிப்பீடு கொடுத்தார். பக்கத்து மனையில் போட்ட போர் தண்ணியை வாயில் வைத்துப் பார்த்தேன், உப்பு. மனை விற்றவர் இந்த ரெண்டையும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. 25 வயசில் எனக்கு விலை மட்டும்தான் தெரிந்தது.

என்றைக்காவது வாங்கினால், மே மாசம் ஒருமுறையும் நல்ல மழையில் ஒருமுறையும் மனையைப் போய்ப் பாருங்க. வில்லங்கச் சான்று, பட்டா, டி.டி.சி.பி. அங்கீகார எண், ரெரா பதிவு எல்லாம் பார்த்த பிறகுதான் அட்வான்ஸ்.

அந்த ராத்திரி

இதை எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் இது இல்லாமல் கணக்கு முழுமையாகாது.

2023 ஆகஸ்ட்டில் ஒரு ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு அம்மா போன் பண்ணினார். "அப்பாவுக்கு நெஞ்சை அடைக்குதுங்கிறார்." நான் சென்னையில். பக்கத்து வீட்டு அண்ணன் 108-க்குச் சொல்லிவிட்டு, வண்டி வரும்வரை அப்பாவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். விருதுநகரில் முதல் சிகிச்சை, அங்கிருந்து மதுரை, விடியும்போது ஸ்டென்ட். இப்போ நன்றாக இருக்கிறார், திரும்பவும் கண்மாய்க் கரைக்குப் போகிறார்.

அன்றைக்கு அவரைக் காப்பாற்றியது ரெண்டு விஷயம். ஒன்று தூரம். மல்லாங்கிணற்றிலிருந்து விருதுநகர் பக்கம்தான், மதுரை சுமார் 40 கிலோமீட்டர். விருதுநகரில் 2022 ஜனவரியிலிருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கு. மதுரையில் இதயத்துக்கும் கண்ணுக்கும் பெரிய ஆஸ்பத்திரிகள் இருக்கு. இதே வீடு இன்னும் உள்ளே, சாயங்காலத்துக்கு மேல் பஸ் இல்லாத ஊரில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் யோசிப்பதில்லை. இன்னொன்று, கூப்பிட்ட குரலுக்கு வந்த பக்கத்து வீட்டு அண்ணன். மொய்க் கணக்கில் மாசம் 6,000 போவதைப் பார்த்து நான் முன்பெல்லாம் அப்பாவைத் திட்டுவேன். இப்போ வாயைத் திறப்பதில்லை.

ஆகவே ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது வெயில், மரம், காற்று எல்லாவற்றுக்கும் முன்னால் ரெண்டு கேள்வி கேளுங்க. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஆஸ்பத்திரி எத்தனை நிமிஷம்? அந்த நேரத்தில் கதவைத் தட்டினால் திறக்க யார் இருக்கிறார்கள்?

ஒரே ஊர் கடைசி வரைக்கும் போதுமா?

ரிட்டயர்மென்ட்டை ஒரே காலமாக நினைப்பதுதான் நிறையப் பேர் செய்யும் தப்பு. 60-லிருந்து 72 வரை நடமாடும் வயசு. அதற்கு மல்லாங்கிணறு அருமை. அடுத்த பத்து வருஷம் டாக்டரைச் சுற்றும் வயசு, அப்போ மதுரையோ விருதுநகரோ வசதி. அதற்கும் பிறகு துணை தேவைப்படும் வயசு, பிள்ளைகள் இருக்கும் ஊரோ, கோயம்புத்தூர் மாதிரி முதியோர் குடியிருப்புகள் உள்ள ஊரோ யோசிக்க வேண்டியிருக்கும். மொத்தப் பணத்தையும் முதல் கட்டத்து வீட்டில் கொட்டிவிட்டால், ரெண்டாவது கட்டத்துக்கு இடம் மாறப் பணம் இருக்காது. ஊர்ப்பக்க வீட்டை அவசரத்துக்கு விற்கவும் முடியாது. என் மனைக்கு ஆள் கிடைக்கவே பதினாலு மாசம் ஆனது.

சரி, இப்போ என்ன பண்ணலாம்?

1. சொந்தமாக ஹெல்த் இன்ஷூரன்ஸ் எடுங்க. கம்பெனி பாலிசி வேலையோடு போய்விடும். ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 3 வருஷம். அதை உடம்பு நல்லா இருக்கும்போதே கடந்துவிடுவது புத்திசாலித்தனம். 22 செப்டம்பர் 2025-லிருந்து தனிநபர் பாலிசிக்கு ஜி.எஸ்.டி. இல்லை. சில பாலிசிகளில் சின்ன ஊர் முகவரிக்குப் பிரீமியம் குறைவு, ஆனால் பெரிய நகரத்தில் சிகிச்சை எடுத்தால் பில்லில் ஒரு பங்கு நீங்க கட்டணும். அந்த வரியைத் தேடிப் படிங்க.

2. மனைக்கு வைத்திருக்கும் பணத்தை எஸ்.ஐ.பி.யாக மாற்றுங்க. ஊரை 55 வயசில் முடிவு செய்யலாம். கையில் பணம் இருந்தால் மல்லாங்கிணறோ திருச்சுழியோ தென்காசியோ, எங்கே வேண்டுமானாலும் போகலாம்.

3. வாழ்ந்து பாருங்க. வொர்க் ஃப்ரம் ஹோம் கிடைத்தால் மே மாசம் ரெண்டு வாரம், நவம்பரில் ரெண்டு வாரம் ஊரில் இருங்க. தீபாவளிக்கும் பங்குனிப் பொங்கலுக்கும் போகும் ஊர் வேறு, சாதாரணச் செவ்வாய்க்கிழமை ஊர் வேறு. ரிட்டயர் ஆன பிறகும் முதல் வருஷம் வாடகைக்கு இருந்து பார்த்துவிட்டு முடிவு பண்ணுங்க.

4. தாத்தா வீடு இருந்தால் பேப்பரைச் சரி பண்ணுங்க. பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருக்கா? அத்தை, சித்தப்பா பங்கு என்ன ஆச்சு? பெரியவர்கள் இருக்கும்போதே உட்கார்ந்து பேசி, பாகப்பிரிவினையோ விடுதலைப் பத்திரமோ பதிந்துவிட்டால் நல்லது. புது மனை வாங்குவதைவிட இதில் ஆகும் செலவு ரொம்பக் குறைவு.

அருப்புக்கோட்டைத் தம்பி மனையை விட்டுவிட்டார். அவர் ஆச்சி வீடு ஒன்று பூட்டிக் கிடக்கிறதாம், இந்தப் பொங்கலுக்குப் போய்ப் பட்டா யார் பெயரில் இருக்கு என்று பார்க்கப் போகிறேன் என்றார்.

மேலே சொன்ன கணக்கை உங்க வயசு, உங்க செலவு போட்டுப் பார்க்க ஒரு எக்செல் ஷீட்டை இந்த வார வீடியோவில் கொடுத்திருக்கேன். அதில் மொய்க்குத் தனிக் கட்டம் இருக்கு, காலியாக விட்டுடாதீங்க. வருமான அனுமானங்கள் உத்தரவாதம் இல்லை, வரி விதிகள் மாறும். பெரிய முடிவுக்கு முன்னால் உங்க ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

அடுத்த வாரம் சந்திப்போம்.