தொண்ணூறு முறை இறங்கும் கட்டை
கையால் செய்த வாழ்த்து அட்டை என்கிறார்கள். காகிதம் கையால் வந்தது சரி. அதன் மேல் உள்ள பூ?

ஜெய்ப்பூருக்கு விமானத்தில் போகிறவர்கள் உண்மையில் இறங்குவது சாங்கனேரில். நகரத்தின் தென்கோடியில் உள்ள இந்த ஊருக்கு இரண்டு பழைய தொழில்கள் உண்டு. காக்ஜி என்ற முஸ்லிம் குடும்பங்கள் காகிதம் செய்கின்றன. அவர்கள் பெயரே காகிதத்திலிருந்து வந்ததுதான். சீப்பா குடும்பங்கள் மரக்கட்டை அச்சால் துணியில் பூப்போடுகின்றன. காக்ஜிகளின் காகிதம் அரண்மனைக் கோப்புகளுக்கும் வணிகர்களின் கணக்கு ஏடுகளுக்கும் போயிற்று. சீப்பாக்களின் துணி கடல் கடந்தது. ஒரே ஊரில் தனித்தனியே நடந்த இந்த இரண்டு தொழில்களும் கைகோத்த பொருள்களில் ஒன்று வாழ்த்து அட்டை.

ஆலைக் காகிதம் வந்த பிறகு காக்ஜிகளின் தொழில் ஏறக்குறைய மூச்சடங்கிப் போனது. அதற்கு உயிர் கொடுத்த முயற்சியில் ஒரு தமிழருக்குப் பெரிய பங்குண்டு. 1934ல் காந்தி தொடங்கிய அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்தை நடத்திய தஞ்சாவூர்க்காரர் ஜே.சி. குமரப்பாதான் அவர். கைக்காகிதம் அந்தச் சங்கத்தின் முக்கிய வேலைகளில் ஒன்று. சாங்கனேரில் உள்ள தேசியக் கைக்காகித நிறுவனம் இன்று அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. அந்தப் பக்கம் போகும் தமிழர்களில் எத்தனை பேர் பெயர்ப் பலகையை நின்று படிக்கிறார்களோ!

இந்தக் காகிதத்துக்கு மரம் வெட்ட வேண்டியதில்லை. பனியன் ஆலைகளில் கழிக்கும் பருத்தி வெட்டுத் துண்டுகளே மூலப்பொருள். அவற்றைப் பல மணி நேரம் அரைத்துக் கூழாக்கி, நீர்த்தொட்டியில் கரைத்து, சல்லடைச் சட்டத்தால் அள்ளினால் ஒரு தாள். அதைத் துணி மேல் கவிழ்த்து, அழுத்திப் பிழிந்து, கொடியில் உலர்த்துவார்கள். கடைசியில் பசைப் பூச்சு. இது இல்லாவிட்டால் மை பட்ட இடமெல்லாம் ஊறிப் பரவிவிடும்.

சாங்கனேர் அச்சின் அடையாளம் வெள்ளைப் பரப்பில் சின்னச் சின்னப் பூக்கள். வெள்ளைத் தாளுக்கு இதைவிடப் பொருத்தமான அச்சு கிடைக்காது. ஆனால் துணி போல் தாள் பொறுத்துப் போகாது. துணிக்குக் கரைக்கும் பதத்தில் சாயத்தைக் கரைத்தால் தாள் நெளியும். கெட்டியாகக் கரைத்தால் கட்டையின் நுணுக்கமான கோடுகள் அடைத்துக்கொள்ளும். மேசை மீதுள்ள மெத்தை அதிகமானால் கட்டையின் விளிம்பு தாளில் பதிந்துவிடும். துணியில் பிசகினால் மடிப்பில் மறையும். அட்டையில் மறைய இடமேது?

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 22க்கு 30 அங்குலத் தாள். 5 அங்குலச் சதுரக் கட்டை. தாள் முழுவதும் நிறைய 30 முறை பதிக்க வேண்டும். வெளிக்கோட்டுக்கு ஒரு கட்டை, இதழுக்கு ஒன்று, இலைக்கு ஒன்று என மூன்று நிறம் வைத்தால் 90 முறை. ஒவ்வொரு முறையும் கட்டையைச் சாயத்தில் தொட்டு, மூலையில் உள்ள குறியை முந்தைய பதிவோடு பொருத்தி, உள்ளங்கை அடியால் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். இவ்வளவுக்கும் அந்தத் தாளில் கிடைப்பது 6க்கு நாலரை அங்குல மடிப்பு அட்டைகள் பத்து. அதாவது அட்டைக்கு ஒன்பது தட்டு.

இதே பூவை ஸ்க்ரீன் பிரிண்டிங்கில் அடித்தால் நிறத்துக்கு ஒரு இழுப்பு. மூன்று இழுப்பில் வேலை முடிந்தது. எண்ணிக்கைக்குக் கூலி வாங்கும் கட்டை அச்சாளர் இதோடு போட்டியிட முடியாது. ஸ்க்ரீனில் அடித்ததும் கைக்காகிதம்தானே? எனவே 'கையால் செய்தது' என்ற முத்திரையைப் பொய் என்று சொல்லவும் முடியாது. அந்தச் சொல் காகிதத்தைப் பற்றிப் பேசுகிறது. பூவைப் பற்றி வாய் திறப்பதில்லை. வியாபாரியின் சாமர்த்தியம் அங்கேதான் இருக்கிறது. இதில் இன்னொரு வேடிக்கை: மொத்தக் கொள்முதல்காரர்கள் கட்டை அச்சின் அழகை மெச்சுவார்கள். ஆனால் ஆயிரம் அட்டையும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்பார்கள். அப்படி ஒன்றுபோல் தருவது ஸ்க்ரீன்தான்.

வாங்குபவர் ஏமாறாமல் இருக்க வழி உண்டு. கட்டை அச்சில் கோட்டின் ஓரத்தில் மை சற்றுத் திரண்டு நிற்கும். சாயத்தில் தொட்டதும் விழும் பூ அடர்த்தியாக இருக்கும். கட்டை சரியாகச் சாயம் வாங்காத இடத்தில் வெளிறும். இரண்டு பதிவுகள் சேரும் இடத்தில் மயிரிழை இடைவெளியோ மேல்படிவோ தெரியும். மெல்லிய தாளானால் பின்பக்கம் விரலுக்கு மேடு தட்டும். நாலு பூவை அருகருகே பார்த்து, நாலிலும் ஒரே இடத்தில் ஒரே குறை இல்லையென்றால் நம்பலாம்.

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் தபால்காரர் கட்டுக்கட்டாகச் சுமந்த அட்டைகளைக் கைப்பேசி விழுங்கிவிட்டது. அதில் பெரிய அடி வாங்கியது மலிவான ஆப்செட் அட்டைகள்தான். கைக்காகித அட்டைகள் பரிசுக் கடைகளிலும் திருமண அழைப்பிதழ்களிலும் ஏற்றுமதியிலும் ஒதுங்கிப் பிழைத்துக்கொண்டன. அழைப்பிதழ் அடிக்கக் கொடுப்பவர் கடையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: கட்டையா, ஸ்க்ரீனா? கட்டை என்று பதில் வந்தால், அடுத்து விலையைக் கேட்டு முகம் சுளிக்காமல் இருக்க வேண்டும்.

பத்து அட்டை வெட்டிய பிறகு தாளில் மிஞ்சுவது 4 அங்குலப் பட்டை. பூ முழுதாக விழுந்திருந்தால் அது பரிசுப் பொட்டலத்தின் பெயர்ச்சீட்டாகும். பிசகியிருந்தால் திரும்பவும் கூழ்த்தொட்டிக்குப் போகும்.