கிணற்றடி எஞ்சின்: ஓட்டுவதும் மாரிக்கு எடுத்து வைப்பதும்

புல்மோட்டை, தென்னமரவாடி, கொக்கிளாய்ப் பக்கங்களுக்குத் திரும்பியிருக்கும் குடும்பங்கள் முதலில் தேடுவது தண்ணீரை. தென்னமரவாடி மக்கள் 1984 டிசம்பரில் ஊரை விட்டுப் போனவர்கள். பல ஆண்டுகளாக ஆள் புழங்காத கிணற்றில் சேறும் வேரும் குப்பையும் நிறைந்திருக்கும். அதை இறைத்துத் துப்புரவாக்கவும், பிறகு வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் கச்சானுக்கும் தண்ணீர் விடவும் உங்களுக்கு ஒரு சிறிய பெற்றோல் எஞ்சின் கிடைத்திருக்கலாம், அல்லது கடன்பட்டு வாங்கியிருக்கலாம். ஒழுங்காகப் பார்த்தால் அது பல வருடம் உழைக்கும். கவனக்குறைவாக இருந்தால் அது ஆளைக் கொல்லவும் கூடும். ஆகவே பழுது பார்ப்பதைப் பற்றிச் சொல்ல முன் கிணற்றைப் பற்றிச் சொல்கிறோம்.

எஞ்சினைக் கிணற்றுக்குள் இறக்க வேண்டாம்

கோடையில் தண்ணீர் கீழே போய்விடும். மேலே வைத்த பம்ப் ஏறக்குறைய 20 அடிக்கு மேல் தண்ணீரை உறிஞ்சாது. பம்பில் பிழையில்லை, எந்தப் பம்பும் அப்படித்தான். அந்த நேரத்தில் பலர் எஞ்சினைக் கயிற்றில் கட்டிக் கிணற்றின் பாதியில் ஒரு தட்டில் இறக்கி வைக்கிறார்கள். இலங்கையிலும் இந்தியாவிலும் ஆட்கள் கிணற்றுக்குள் மூச்சடங்கிச் சாவதற்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணம்.

எஞ்சின் புகையில் காபன் மொனொக்சைட் என்ற வாயு உண்டு. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் ஒட்சிசன் பிடிக்க வேண்டிய இடத்தை இது ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். வெளியில் என்றால் காற்று அதை அள்ளிக்கொண்டு போகும். கிணற்றுக்குள் காற்றோட்டம் இல்லை. முதலில் தலையிடிக்கும், பிறகு தலை சுற்றும், கால் தளரும். ஏறி வர வேண்டும் என்று நினைக்கும்போது ஏறுவதற்குக் காலில் பலம் இருக்காது.

விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அது ஒட்சிசன் குறைந்திருக்கிறதா என்பதை மட்டுமே காட்டும். ஆளைக் கொல்லும் அளவுக்கு காபன் மொனொக்சைட் இருக்கும்போதும் விளக்கு அணையாமல் எரியும். விளக்கு எரிகிறது என்று நம்பி இறங்க வேண்டாம். பெற்றோல் ஆவியும் உள்ளே இருந்தால் அந்த விளக்கே தீயை மூட்டிவிடும்.

எஞ்சினை நிலத்தில், கிணற்று வாயிலிருந்து தள்ளி, காற்று அடிக்கும் திசைக்குக் கீழ்ப்பக்கமாக வையுங்கள். புகைக்குழாய் கிணற்றைப் பார்க்கக் கூடாது. ஒருவர் உள்ளே சேறு அள்ளும்போது எஞ்சினை நிறுத்திவிடுங்கள். உள்ளே இறங்குபவரின் நெஞ்சைச் சுற்றிக் கயிறு கட்டியிருக்க வேண்டும், மேலே இரண்டு பேர் நிற்க வேண்டும். தண்ணீர் 20 அடிக்குக் கீழே போனால் வாளியால் அள்ளுங்கள், அல்லது நீருக்குள் வைக்கும் மின் பம்பை இரவல் கேளுங்கள். அதற்கு மின்சாரம் தரும் ஜெனரேற்றரும் மேலே, தள்ளியே நிற்க வேண்டும்.

உள்ளே ஒருவர் விழுந்தால் அவரைத் தூக்க இன்னொருவர் இறங்க வேண்டாம். ஒரே கிணற்றில் இரண்டு மூன்று பேர் சாவது இப்படித்தான். கயிற்றால் இழுத்து, திறந்த வெளியில் கிடத்தி, மூச்சில்லை என்றால் வாயில் வாய் வைத்து ஊதுங்கள். வைத்தியசாலையில் “எஞ்சின் புகை” என்று சொல்ல மறக்க வேண்டாம். உடனே ஒட்சிசன் கொடுக்க அந்தச் சொல் உதவும்.

பெற்றோலும் மண்ணெண்ணெயும்

தற்காலிகக் கொட்டிலில் இடம் குறைவு. பெற்றோல் கானும் மண்ணெண்ணெய்ப் போத்தலும் அடுப்பும் ஒரே மூலையில் வந்து சேர்ந்துவிடும். மண்ணெண்ணெய் ஓரளவு சூடானால்தான் பற்றக்கூடிய ஆவி விடும். பெற்றோலோ எந்த வெப்பத்திலும் ஆவி விட்டுக்கொண்டே இருக்கும். அந்த ஆவி காற்றைவிடப் பாரமானது, நிலத்தோடு ஊர்ந்து போய் அடுப்பைத் தேடிப் பிடிக்கும். பெற்றோலை வீட்டுக்கு வெளியே, நிழலில், இறுக்கமான மூடியுள்ள கானில், பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள். சோடாப் போத்தலில் ஊற்றி வைக்க வேண்டாம். இருட்டில் குப்பி விளக்குக்கு மண்ணெண்ணெய் என்று நினைத்துப் பெற்றோலை ஊற்றினால் விளக்கு வெடித்து எரியும்.

சும்மாவே குப்பி விளக்கு எளிதில் சரிந்துவிடும். இந்தத் தீக்காயங்களைப் பார்த்துச் சலித்த சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, அகலமும் குட்டையுமாக, சரிந்தாலும் உருளாத, திருகு மூடியுள்ள ஒரு விளக்கை உருவாக்கினார். அதற்காக அவருக்கு 1998இல் ரோலெக்ஸ் விருது கிடைத்தது. அப்படிப்பட்ட விளக்கு கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினுக்கோ, நிறுத்தியவுடன் கொதிக்கிற எஞ்சினுக்கோ பெற்றோல் ஊற்றாதீர்கள். கை வைக்கக்கூடிய அளவுக்கு ஆறட்டும். பீடி, சிகரெட் பக்கத்தில் வேண்டாம்.

மணலும் ஒயிலும்

புல்மோட்டைக் கரையின் கறுப்பு மணலைத் தெரியாதவர் இல்லை. இல்மனைற், ரூட்டைல், சிர்க்கோன் கலந்த இந்த மணலுக்காகத்தான் இங்கே கனிய மணல் தொழிற்சாலை நிற்கிறது. சிர்க்கோன் இரும்பைவிடக் கடினமானது. காற்றோடு எஞ்சினுக்குள் போனால் சிலிண்டரை உராய்ந்து தின்றுவிடும். புத்தகம் காற்று வடிகட்டியை 50 மணித்தியாலத்துக்கு ஒருமுறை கழுவச் சொல்லலாம். நீங்கள் கிழமைக்கு ஒருமுறையாவது கழற்றிப் பாருங்கள். பஞ்சை சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு சில துளி ஒயிலில் தோய்த்துப் பிழிந்து போடுங்கள்.

ஒவ்வொரு நாளும் தொடங்க முன் எஞ்சினை மட்டமாக வைத்து ஒயில் பாருங்கள். புது எஞ்சினில் முதல் 20 மணித்தியாலத்தில் ஒயிலை மாற்ற வேண்டும், பிறகு 100 மணித்தியாலத்துக்கு ஒருமுறை. கழிவு ஒயிலைக் கிணற்றடியில் ஊற்றாதீர்கள், அது குடிதண்ணீரில் கலக்கும். பம்புக்குள் தண்ணீர் நிரப்பாமல் ஓட்டினால் உள்ளிருக்கும் சீல் சில நிமிடத்தில் கருகிவிடும்.

மாரிக்கு எடுத்து வைத்தல்

ஐப்பசி மழை தொடங்கினால் தை வரை எஞ்சினுக்கு வேலையில்லை. பெரும்பாலான எஞ்சின்கள் பழுதாவது ஓடும்போது அல்ல, இந்த மாதங்களில் சும்மா கிடக்கும்போது. தாங்கியில் விட்ட பெற்றோல் பழுதாகிப் பிசினாக மாறி காபரேற்றரின் நுண் துளைகளை அடைத்துவிடும். ஆகவே பெற்றோலைக் கானுக்குள் வடித்துவிட்டு, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓட்டுங்கள். மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சின் என்றால் கடைசிச் சில நிமிடங்கள் பெற்றோலுக்கு மாற்றி ஓட்டியபின் இதைச் செய்யுங்கள். வடக்குக்குப் பெற்றோல் வராத ஆண்டுகளில் சில துளி பெற்றோலில் தொடக்கி மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

எஞ்சின் ஆறிய பிறகு பிளக்கைக் கழற்றி, துளைக்குள் ஒரு தேக்கரண்டி சுத்தமான ஒயில் ஊற்றி, தொடக்கும் கயிற்றை மெதுவாக நாலைந்து முறை இழுத்து, பிளக்கைத் திரும்பப் பூட்டுங்கள். பிறகு கயிறு இறுகும் இடம்வரை இழுத்து அப்படியே விடுங்கள். அப்போது வால்வுகள் மூடியிருக்கும், ஈரம் உள்ளே போகாது. பம்பின் அடித் திருகைக் கழற்றித் தண்ணீரை வடியுங்கள். உவர்த் தண்ணீர் இறைத்திருந்தால் முதலில் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். எஞ்சினை நிலத்தில் வைக்காமல் கல்லின் மேலோ பலகையிலோ ஏற்றி, பழைய சீலையால் மூடுங்கள். தறப்பாளால் இறுக்கிச் சுற்றினால் உள்ளே வேர்த்துத் துருப்பிடிக்கும். உர மூட்டைக்குப் பக்கத்திலும் வைக்க வேண்டாம்.

புதைத்துவிட்டுப் போன எஞ்சின்

போகும்போது எஞ்சினை மண்ணில் புதைத்தவர்களும் கிணற்றுக்குள் இறக்கிவிட்டுப் போனவர்களும் உண்டு. இடம் நினைவிருந்தாலும் நீங்களாகத் தோண்டவோ கிணற்றில் கொக்கி போடவோ வேண்டாம். மிதிவெடி அகற்றி முடிந்த காணி என்று கிராம உத்தியோகத்தரிடம் உறுதி செய்யுங்கள். கிணற்றுக்குள் இரும்பு தெரிந்தாலும் முதலில் அவருக்கு அறிவியுங்கள். பத்திரமாக வெளியே வந்த பிறகு, இறுகிய எஞ்சினைச் சுத்தியலால் அடிக்காமல், பிளக் துளையில் ஒயில் ஊற்றி ஒரு கிழமை விட்டுவிட்டு, கையால் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். அசைந்தால் மெக்கானிக்கிடம் கொண்டுபோகலாம்.