பரிமாறும் பிஞ்சுக் கைகள்!

ஜப்பான் பள்ளிக்கூடங்களில் பகல் சாப்பாட்டு மணி அடித்ததும், பிள்ளைகள் வெள்ளை அங்கியும் குல்லாவும் மாட்டிக் கொள்கிறார்கள். பரிமாறுவது அவர்கள்தான். ஆறு வயதுக் குழந்தை கூட முறை வந்தால் கரண்டி பிடிக்க வேண்டும்!

எல்லோருக்கும் கிடைக்கும் வரை யாரும் வாயில் வைப்பதில்லை. பிறகு கைகூப்பி, "இத்தடாக்கிமாஸ்" என்கிறார்கள். "பணிவுடன் பெற்றுக் கொள்கிறேன்" என்று பொருள். உழுதவர், சமைத்தவர், உயிர் தந்த மீன் எல்லாவற்றுக்கும் சேர்த்து நன்றி!

பள்ளிச் சாப்பாடு அங்கே பிறந்தது 1889-ல். சுருவோக்கா என்ற ஊரில் ஏழைப் பிள்ளைகளுக்குச் சோற்று உருண்டையும் சுட்ட மீனும் கொடுத்தார்கள். 1954-ல் அதற்குச் சட்டம் வந்தது.

சூப் வாளி கை தவறிக் கவிழ்ந்து விட்டால்? தூக்கி வந்த சிறுவன் அழுதே விடுவான், பாவம்! பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் தங்கள் பங்கில் கொஞ்சம் கொஞ்சம் கொடுப்பார்கள். அவன் கிண்ணத்திலும் சூப் இருக்கும்.